மகளிர் காவல் நிலையத்தில் தம்பி மீது புகார், அதில் என் பெயரும் இருக்கிறது: அடுத்து என்ன செய்ய வேண்டும்?

நொய்யல்கரை (இழையைத் தொடங்கியவர்)
9 ஆகஸ்ட் 2025, இரவு 10:42

வணக்கம். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி எழுதுகிறேன்.

தம்பி திருப்பூரில் ஒரு பனியன் நிறுவனத்தில் மேற்பார்வையாளர். திருமணமாகி நான்கு ஆண்டுகள், ஒரு பெண் குழந்தை. ஜூன் மாதம் தம்பி மனைவி குழந்தையைத் தூக்கிக்கொண்டு திண்டுக்கல் மாவட்டத்தில் இருக்கும் தாய்வீட்டுக்குப் போனவள் திரும்பவில்லை. நேற்று அந்த ஊர் மகளிர் காவல் நிலையத்திலிருந்து தம்பிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்திருக்கிறது: திங்கட்கிழமை காலை விசாரணைக்குத் தம்பி, 68 வயது அம்மா, நான் மூவரும் வர வேண்டுமாம். நான் கரூர்ப் பக்கம் அரசுப் பள்ளி ஆசிரியை. திருமணமாகிப் பதினைந்து ஆண்டுகளாகத் தனிக் குடித்தனம். தம்பி வீட்டுக்கு விசேஷ நாட்களில் போவதோடு சரி.

அதே நாளில் நீதிமன்றத்திலிருந்தும் ஒரு நோட்டீஸ் வந்தது. அதில் குடும்ப வன்முறைச் சட்டம், பிரிவு 12 என்று இருக்கிறது. இரண்டும் ஒரே வழக்கா? எங்களைக் கைது செய்வார்களா? என் வேலை என்ன ஆகும்? அம்மா இரண்டு நாட்களாகச் சாப்பிடவில்லை.

---

ஆண்குரல்_கோவை
9 ஆகஸ்ட் 2025, இரவு 11:15

அக்கா, இது அப்பட்டமான பொய் வழக்கு. பணம் பறிக்கும் வேலை. முதலில் நீங்கள் முந்திக்கொள்ளுங்கள். தம்பி பெயரில் சேர்ந்து வாழ மனு ஒன்று, பெண்ணின் அப்பா மீது வரதட்சணை கொடுத்த குற்றத்துக்குப் புகார் ஒன்று. கொடுப்பதும் குற்றம்தானே? காவல் நிலையத்துக்குப் போகவே போகாதீர்கள். உச்ச நீதிமன்றமே இதைச் சட்டப் பயங்கரவாதம் என்று சொல்லிவிட்டது.

---

பழைய_வாய்தா
10 ஆகஸ்ட் 2025, காலை 6:20

மதுரைப் பக்கம் இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் குற்றவியல் வழக்கு நடத்துகிறவன். இங்கே எழுதுவது உங்கள் வக்கீல் கோப்பைப் பார்த்துச் சொல்வதற்கு ஈடாகாது. ஆனால் திங்கட்கிழமைக்குள் தெரிந்துகொள்ள வேண்டியவை சில இருக்கின்றன.

உங்கள் கையில் இருப்பவை இரண்டு வேறு காகிதங்கள். ஒன்று காவல் நிலைய மனு விசாரணை. இது எஃப்.ஐ.ஆராக (முதல் தகவல் அறிக்கை) மாறினால், பழைய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 85-ஆம் பிரிவில் வரும். கணவரோ அவர் உறவினரோ மனைவியைக் கொடுமைப்படுத்தும் குற்றம், பழைய 498ஏ தான் அது. மூன்று ஆண்டு வரை சிறை, ஜாமீனை உரிமையாகக் கேட்க முடியாத குற்றம். சம்பவம் 1.7.2024-க்கு முந்தையது என்றால் பழைய சட்டத்தின் 498ஏ-விலேயே பதிவு செய்வார்கள். இரண்டாவது காகிதம், நீதித்துறை நடுவர் முன் இருக்கும் 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்ட மனு. அதில் நீங்கள் குற்றம் சாட்டப்பட்டவர் அல்ல, எதிர்மனுதாரர். பாதுகாப்பு, குடியிருப்பு, பணம், குழந்தை, இழப்பீடு ஆகியவை பற்றிய உத்தரவு கேட்கும் வழக்கு அது. அந்த மனுவுக்காக யாரையும் பிடித்து உள்ளே வைப்பதில்லை. நடுவர் பாதுகாப்பு உத்தரவு போட்ட பிறகு அதை மீறினால்தான் அது குற்றம்: ஓராண்டு வரை சிறை அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். நோட்டீஸ் வந்த அன்றே வீட்டை விட்டு ஓடியவர்களைப் பார்த்திருக்கிறேன். ஓடிய பிறகு வக்காலத்தில் கையெழுத்து வாங்க ஆள் கிடைக்காமல், ஒருதலைப்பட்சமாக உத்தரவு ஆகிவிடும்.

கைது பற்றி: 2014-இல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இன்றும் அப்படியே நிற்கிறது. ஏழு ஆண்டுக்குட்பட்ட தண்டனை உள்ள குற்றத்தில் புகார் வந்ததும் கைது என்பது கூடாது. கைது ஏன் தேவை என்று எழுத்தில் காரணம் வேண்டும், இல்லையென்றால் நோட்டீஸ் கொடுத்து விசாரிக்க வேண்டும். பழைய 41ஏ நோட்டீஸ்தான் இப்போது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) 35(3). அந்த நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் செல்லாது என்றும் இந்த ஆண்டு ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. ஆனால் உங்களுக்கு வந்தது அந்த நோட்டீஸே அல்ல, வெறும் மனு விசாரணை அழைப்பு. "வாட்ஸ்அப்பில் கூப்பிட்டால் வர மாட்டேன்" என்று இன்ஸ்பெக்டரிடம் சட்டம் பேசினால், மனுவாக இருப்பது அன்று மாலையே எஃப்.ஐ.ஆர். ஆகலாம். தம்பி வக்கீலோடு போகட்டும்.

நீங்களும் அம்மாவும் போக வேண்டியதில்லை. புதிய நடைமுறைச் சட்டத்தின் 179-ஆம் பிரிவு, விசாரணைக்காகப் பெண்களை அவர்கள் வசிக்கும் இடத்தைத் தவிர வேறெங்கும் வரச் சொல்லக் கூடாது என்கிறது. மாவட்டம் விட்டு மாவட்டம் 68 வயது அம்மாவை இழுத்துப் போகாதீர்கள். இருவர் பெயரிலும் ஒரு பக்கக் கடிதம் எழுதி, வயது, ஊர், வேலை, தொலைபேசி எண் குறிப்பிட்டு, "வீட்டில் வைத்து விசாரித்தால் முழு ஒத்துழைப்பு தருகிறோம்" என்று தம்பி கையில் கொடுத்தனுப்புங்கள். அதன் நகலில் நிலைய முத்திரை வாங்கி வரச் சொல்லுங்கள்.

கோவைத் தம்பிக்கு: வரதட்சணைத் தடுப்புச் சட்டத்தில் 7(3) என்று ஓர் உட்பிரிவு இருக்கிறது. பாதிக்கப்பட்டவர் தரும் வாக்குமூலத்தை வைத்து அவர் மீதே அந்தச் சட்டத்தில் வழக்குப் போட முடியாது. "கொடுத்ததும் குற்றம்" என்று மாமனார் மீது புகார் எழுதிக் கொடுத்தால் நடக்கப்போவது ஒன்றுதான்: "ஆமாம், நாங்கள் வாங்கினோம்" என்று நீங்களே எழுதிக் கொடுத்ததாக ஆகிவிடும்.

---

ஆண்குரல்_கோவை
10 ஆகஸ்ட் 2025, காலை 8:02

சரி, அந்த 7(3) எனக்குத் தெரியாது. ஆனால் வக்கீல் ஐயா, 2024 டிசம்பரில் தாரா லட்சுமி நாராயணா வழக்கில் உச்ச நீதிமன்றம் என்ன சொன்னது? பொத்தாம்பொதுவாகக் குடும்பத்தையே இழுத்துவிடும் வழக்குகளை முளையிலேயே கிள்ள வேண்டும் என்றுதானே? 2010-இல் ப்ரீத்தி குப்தா, 2022-இல் கஹ்கஷான் கௌசர் என வரிசையாகத் தீர்ப்புகள் இருக்கின்றன. அப்புறம் ஏன் பயந்து போக வேண்டும்?

---

மல்லிகைப்பந்தல்
10 ஆகஸ்ட் 2025, காலை 9:30

இந்த இழையில் எதிர்ப்பக்கத்திலிருந்து எழுதுகிறேன். ஆறேழு ஆண்டுகளுக்கு முன்பு நான் புகார் கொடுத்தவள்.

என்னை அடித்தவர் என் கணவர் ஒருவர்தான். மாமியார் தடுக்கவில்லை, அவ்வளவுதான். நாத்தனார் வெளியூர். ஆனால் என் புகாரைப் படித்தால் மூவரும் சேர்ந்து என்னை அடித்ததாக இருக்கும். எப்படி? நிலையத்துக்கு எதிரே மேசை போட்டு மனு எழுதுகிறவரிடம் போனோம். நான் அழுதுகொண்டே சொன்னேன், அவர் எழுதிக்கொண்டே போனார். "மேற்படி எதிரிகள் அனைவரும் ஒன்றுசேர்ந்து கூடுதல் வரதட்சணை கேட்டு அடித்துத் துன்புறுத்தி" என்ற வரி அவர் கையில் தயாராக இருந்தது. கணவர் பெயரை மட்டும் போட்டால் மனு நிற்காது, கூப்பிட்டுப் பேசி அனுப்பிவிடுவார்கள் என்றார். என் அப்பா தலையாட்டினார். கையெழுத்துப் போட்டேன்.

கணவரின் வக்கீல் குறுக்கு விசாரணையில் அந்த ஒரு வரியைத்தான் பிடித்தார். நாத்தனார் எந்தக் கையால் அடித்தார், எந்த அறையில், அன்று அவர் எந்த ஊரில் இருந்தார்? எனக்குப் பதில் இல்லை. நடந்த அடியும் நடக்காத அடியோடு சேர்ந்து போய்விட்டது. குற்ற வழக்கில் எல்லோரும் விடுதலை. அதை இப்போதும் "பொய் வழக்கு" என்றுதான் அவர்கள் உறவில் சொல்கிறார்கள். அதனால் கோவைக்காரரே, உங்கள் பட்டியலில் இருக்கும் தீர்ப்புகளில் எத்தனை வழக்கில் அடி விழவே இல்லை, எத்தனை வழக்கில் புகாரை ஒழுங்காக எழுதவில்லை என்று உங்களால் பிரித்துச் சொல்ல முடியுமா?

நொய்யல்கரை அக்கா, ஒன்று கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். முதல் பதிவில் போலீஸ் இருக்கிறது, நீதிமன்றம் இருக்கிறது, அம்மா சாப்பிடாதது இருக்கிறது. அந்தப் பெண் ஏன் ஜூன் மாதம் கிளம்பிப் போனாள் என்று ஒரு வரிகூட இல்லையே?

---

சாமானியன்77
10 ஆகஸ்ட் 2025, காலை 9:58

சரியான கேள்வி.

---

ஆண்குரல்_கோவை
10 ஆகஸ்ட் 2025, காலை 10:11

(இந்தப் பதிவு மட்டுறுத்துநரால் நீக்கப்பட்டது. சக உறுப்பினரின் சொந்த வாழ்க்கையைக் கேலி செய்ய இங்கே இடமில்லை. – மட்டுறுத்துநர்)

---

நொய்யல்கரை
10 ஆகஸ்ட் 2025, பிற்பகல் 3:40

தம்பியிடம் நேராகவே கேட்டேன். முதலில் "சும்மா வாக்குவாதம்" என்றான். அம்மாவை வெளியே அனுப்பிவிட்டு மறுபடி கேட்டேன். அறைந்திருக்கிறான். ஒரு முறை அல்ல. கடைசியாக ஜூன் மாதம் அறைந்ததில் காதில் அடிபட்டு, அவள் திருப்பூரில் அரசு மருத்துவமனைக்குப் போய்க் காட்டியிருக்கிறாள். எனக்கு இது தெரியாது. அம்மாவுக்குத் தெரியும் போலிருக்கிறது.

வரதட்சணை கேட்டதாகப் புகாரில் இருக்கிறதாம். எனக்குத் தெரிந்து கேட்கவில்லை. ஆனால் அவளுடைய நகையில் 22 பவுனைக் கூட்டுறவு வங்கியில் அடகு வைத்து வீட்டு மனைக்கு முன்பணம் கொடுத்திருக்கிறான். ரசீது அவன் பெயரில். அவள் போன பிறகு வீட்டுப் பூட்டையும் மாற்றியிருக்கிறான். "யாராவது வந்து பொருளை எடுத்துப்போனால்?" என்கிறான்.

இப்போது நாங்கள் என்ன சொல்ல வேண்டும்? எதையும் ஒப்புக்கொள்ளாதே என்று உறவினர் ஒருவர் சொல்கிறார்.

---

பழைய_வாய்தா
10 ஆகஸ்ட் 2025, இரவு 9:05

இனிமேல்தான் பேச வேண்டியதே இருக்கிறது.

அரசு மருத்துவமனையில் காயத்தோடு யார் போனாலும் விபத்துப் பதிவேட்டில் ஏறும். அதன் நகலை நாங்கள் ஏ.ஆர். காப்பி என்போம். அதில் மருத்துவர் காயத்தை எழுதுவதற்கு முன், நோயாளி சொன்னதை ஒரு வரியில் எழுதியிருப்பார்: "தெரிந்த ஒரு நபரால் (கணவர்), இன்ன தேதி, இன்ன நேரத்தில், வீட்டில் வைத்து, கையால் தாக்கப்பட்டதாகக் கூறி". தேதியும் நேரமும் கையெழுத்தும் உள்ள அந்த வரி எழுதப்பட்டபோது புகார் என்ற எண்ணமே அந்தப் பெண்ணுக்கு இருந்திருக்காது. நீதிமன்றத்தில் அதற்கு இருக்கும் எடை அதனால்தான். அதை எதிரில் வைத்துக்கொண்டு "அடிக்கவே இல்லை, அவளாகவே விழுந்தாள்" என்று எதிருரை போட்டால், அடுத்து நீங்கள் சொல்லும் உண்மையையும் நடுவர் நம்ப மாட்டார். பதிவேட்டில் வேறு காரணம் சொல்லியிருக்கவும் கூடும், பலர் பயந்து "குளியலறையில் வழுக்கி விழுந்தேன்" என்பார்கள். எதுவானாலும் அந்த நகலைப் பார்க்காமல் ஒரு வார்த்தை எழுதாதீர்கள்.

தற்காப்பு என்றால் எல்லாவற்றையும் மறுப்பது என்று நம் ஊரில் ஒரு நினைப்பு இருக்கிறது. புகாரில் உள்ள ஒவ்வொரு பத்திக்கும் தனித்தனிப் பதில்தான் தற்காப்பு. 85-ஆம் பிரிவில் "கொடுமை" என்பதற்கு 86-இல் விளக்கம் இருக்கிறது: ஒன்று, தற்கொலைக்குத் தூண்டும் அளவுக்கோ உயிர், உடல், மனநலத்துக்குப் பெரும் கேடு வரும் அளவுக்கோ வேண்டுமென்றே நடந்துகொள்வது; மற்றொன்று, பணமோ பொருளோ கேட்டுத் துன்புறுத்துவது. கேட்கவில்லை என்றால் இரண்டாவதை முழுமூச்சாக எதிர்க்கலாம். கேட்டதாகச் சொல்லும் தேதி எது, தொகை எவ்வளவு, யார் முன்னிலையில், வங்கிக் கணக்கில் தடயம் உண்டா என்று பார்ப்போம். முதலாவதில், அடித்தது எத்தனை முறை, காயம் என்ன என்பதைப் பொறுத்து எங்கள் வாதம். காது என்கிறீர்கள், சவ்வு கிழிந்திருந்தால் கதை வேறு. 86 வரை போகாவிட்டாலும் காயப்படுத்திய குற்றம் 115(2) தனியே நிற்கும். குடும்ப வன்முறைச் சட்டத்திலோ ஒரு அறை போதும். அங்கே அறையை மறுத்து வருடக்கணக்கில் வாய்தா வாங்குவதைவிட, "மனுதாரரின் குற்றச்சாட்டுகளை ஒப்புக்கொள்ளாமல், அவரை நெருங்கவோ தொந்தரவு செய்யவோ மாட்டேன் என உத்தரவாதம் தருகிறேன்" என்று பாதுகாப்பு உத்தரவுக்குச் சம்மதித்துவிடலாம். என் கட்சிக்காரர்கள் பலரிடம் அதைத்தான் சொல்வேன். பாதிப் பேர் கேட்க மாட்டார்கள். கௌரவம்!

உங்கள் உறவினர் சொன்னதில் ஒரு பகுதி சரி. நிலையத்தில் மன்னிப்புக் கடிதம், "இனிமேல் அடிக்க மாட்டேன்" கடிதம் எதையும் வக்கீல் பார்க்காமல் எழுதிக் கொடுக்க வேண்டாம். வாய் திறக்காமல் இருப்பது தம்பியின் உரிமை. ஆனால் பொய் எழுதிக் கொடுப்பது எவருடைய உரிமையும் அல்ல, நான் அதற்கு உதவவும் மாட்டேன்.

நகைதான் எனக்கு அதிகக் கவலை. 1985-இல் பிரதிபா ராணி வழக்கிலிருந்தே சட்டம் தெளிவு: ஸ்ரீதனம், அதாவது பெண்ணுக்குத் திருமணத்தில் வந்த நகையும் பொருளும், மனைவியின் தனிச்சொத்து, கணவன் கையில் இருந்தாலும் அது அவன் பொருள் ஆகாது. அவள் சம்மதமில்லாமல் அடகு வைத்திருந்தால் நம்பிக்கை மோசடிப் பிரிவும் சேரும். மனை முன்பணத்தைத் திரும்ப வாங்கியோ கடன் வாங்கியோ 22 பவுனை மீட்கச் சொல்லுங்கள். வழக்கில் நீங்கள் செய்யப்போகும் எந்த வாதத்தையும்விட இதற்குப் பலன் அதிகம்.

---

சமூகநலம்_ஓய்வு
11 ஆகஸ்ட் 2025, காலை 7:15

மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் பணிபுரிந்து ஓய்வு பெற்றவள். குடும்ப வன்முறைச் சட்டத்தின் கீழ் வரும் பாதுகாப்பு அலுவலர் பொறுப்பும் பார்த்திருக்கிறேன்.

பூட்டைப் பற்றி யாரும் பேசவில்லை. அம்மா, அந்தப் பூட்டுக்கு ஒரு சாவி இன்றே தம்பி மனைவிக்குப் போய்ச் சேர வேண்டும். பகிர்ந்து வாழ்ந்த வீட்டில் குடியிருக்கும் உரிமை அவளுக்குக் குடும்ப வன்முறைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவில் இருக்கிறது. வீடு யார் பெயரில் இருக்கிறது என்ற கேள்வியே எழாது. மாமனார் மாமியார் பெயரில் உள்ள வீடாக இருந்தாலும் பகிர்ந்த வீடாகலாம் என்று 2020-இல் சதீஷ் சந்தர் அகுஜா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பூட்டை மாற்றுவது, காஸ் இணைப்பை ரத்து செய்வது, பள்ளிக் கட்டணத்தை நிறுத்துவது எல்லாம் சட்டத்தின் மூன்றாம் பிரிவில் பொருளாதார வன்முறை. புகார் வந்த பிறகு கோபத்தில் செய்யும் இந்தக் காரியங்களே எங்கள் அறிக்கையில் முதல் பக்கத்தை நிரப்பும். பழைய அடிக்குச் சாட்சி இல்லாமல் போகலாம், புதுப் பூட்டு கதவிலேயே தொங்குமே!

இன்னொன்று. சட்டம் முதல் விசாரணை மூன்று நாட்களுக்குள், முடிவு அறுபது நாட்களுக்குள் என்கிறது. அறுபது நாளில் முடிந்த மனுவை என் பணிக்காலத்தில் அரிதாகத்தான் பார்த்தேன். ஆனால் இடைக்கால உத்தரவு சீக்கிரம் வரும். குழந்தைக்கான செலவை நீதிமன்றம் சொல்லட்டும் என்று காத்திருக்க வேண்டாம், இந்த மாதத்திலிருந்தே வங்கி வழியாக அனுப்பச் சொல்லுங்கள். கையில் கொடுக்க வேண்டாம், உறவினர் மூலமும் வேண்டாம்.

மல்லிகைப்பந்தல், உங்கள் பதிவைப் படித்துக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். இதைப் படிக்கும் பெண்களுக்குச் சொல்கிறேன்: மனு எழுதுபவரிடம் போகாதீர்கள். பெண்கள் உதவி எண் 181-க்கு அழையுங்கள், அல்லது மாவட்டத்தில் உள்ள ஒருங்கிணைந்த சேவை மையத்துக்குப் போங்கள். குடும்ப நிகழ்வு அறிக்கை என்று ஒரு படிவம் உண்டு. அதில் உடல், வாய்மொழி, பாலியல், பொருளாதாரம் எனத் தனித்தனிக் கட்டங்கள். நடந்ததை மட்டும், செய்தவர் பெயரோடு சொன்னால் போதும். வக்கீல் செலவுக்குப் பயம் வேண்டாம். சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் தருவார்கள். எண் 15100.

---

பழைய_வாய்தா
11 ஆகஸ்ட் 2025, காலை 7:48

அம்மா சொன்னதில் ஒன்றைச் சேர்க்கிறேன். அந்த இலவச உதவி "பெண்களுக்கு" என்றுதான் சட்டத்தில் இருக்கிறது, "புகார் கொடுத்த பெண்களுக்கு" என்று இல்லை. நொய்யல்கரைக்கும் அவர் அம்மாவுக்கும் அதே உரிமை உண்டு.

---

கடல்தாண்டி
11 ஆகஸ்ட் 2025, இரவு 8:30

ஷார்ஜாவிலிருந்து. என் மீதும் இப்படி ஒரு வழக்கு, நான் ஊருக்குப் போகவே இல்லை. போகாமலே முடித்துவிட முடியுமா?

---

பழைய_வாய்தா
11 ஆகஸ்ட் 2025, இரவு 10:12

தனி இழை தொடங்குங்கள். சுருக்கமாக: வராமலே இருந்தால் பிடியாணை, அதன் பின் விமான நிலையத் தேடுதல் அறிவிப்பு, பாஸ்போர்ட் சிக்கல் என்று வளரும். முன்ஜாமீன் வாங்கிக்கொண்டு வந்து ஒரு முறை முகம் காட்டியவர்கள் பிழைத்தார்கள்.

---

நொய்யல்கரை
13 ஆகஸ்ட் 2025, மாலை 6:25

தம்பி திங்கட்கிழமை வக்கீலோடு போய் வந்தான். இரண்டு மணி நேரம் உட்கார வைத்தார்கள். கடிதத்தில் முத்திரை வாங்கி வந்துவிட்டான். தம்பி மனைவி சமாதானத்துக்கு வரவில்லை, எஃப்.ஐ.ஆர். போடச் சொல்லிவிட்டாளாம். அன்று மாலையே பதிவானது. இணையத்தில் நகல் எடுத்தோம். மூவர் பெயரும் இருக்கிறது.

என்னைப் பற்றி இரண்டே இடம். ஒன்று, "எதிரிகள் அனைவரும் சேர்ந்து". மற்றது, 11.3.2025 அன்று காலை பதினொரு மணிக்கு நான் திருப்பூர் வீட்டுக்கு வந்து "இன்னும் பத்துப் பவுன் வாங்கி வா" என்று சொல்லி அவள் தலைமுடியைப் பிடித்து இழுத்ததாக. அன்று பிளஸ் டூ பொதுத்தேர்வு. நான் வேறு பள்ளியில் தேர்வறைக் கண்காணிப்பாளர். பணி ஆணை இருக்கிறது, அந்த மையத்தின் வருகைப் பதிவில் கையெழுத்து இருக்கிறது. கைபேசியைக்கூட உள்ளே விடவில்லை. இதை எடுத்துக்கொண்டு இப்போதே நிலையத்துக்கு ஓடலாமா?

சீர்ப் பட்டியலும் இணைத்திருக்கிறார்கள். குத்துவிளக்கு இரண்டு, பித்தளை அண்டா, கிரைண்டர், கட்டில், பீரோ, தையல் இயந்திரம், 40 பவுன். அதில் 18 பவுன் அவள் கழுத்திலும் கையிலும் போட்டுக்கொண்டு போனதுதான். திருமணப் புகைப்படத்திலும் இப்போது அவள் வாட்ஸ்அப் முகப்புப் படத்திலும் அதே நகை.

---

பழைய_வாய்தா
13 ஆகஸ்ட் 2025, இரவு 9:50

முதலில் மூவருக்கும் முன்ஜாமீன் மனு. புதிய நடைமுறைச் சட்டத்தில் 482-ஆம் பிரிவு. வழக்கு திண்டுக்கல் மாவட்டம் என்பதால் அங்குள்ள அமர்வு நீதிமன்றம், இல்லையென்றால் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை. திருப்பூரில் வாழ்ந்தார்கள், திண்டுக்கல்லில் எப்படி வழக்கு என்று வாதாடி நாளைக் கடத்த வேண்டாம். தாய்வீட்டில் தஞ்சம் புகுந்த இடத்திலும் வழக்குப் போடலாம் என்று 2019-இல் ரூபாலி தேவி வழக்கில் தீர்ந்துபோனது. அர்னேஷ் குமார் இருக்கும்போது முன்ஜாமீன் எதற்கு என்று கேட்பீர்கள். உங்களுக்காகத்தான். அரசுப் பணியாளர் 48 மணி நேரத்துக்கு மேல் காவலில் இருந்தால் தானாகவே இடைநீக்கம் ஆனதாக ஒழுங்கு விதிகள் கருதும். நூற்றில் ஒரு வாய்ப்பாக இருந்தாலும் அதை ஏன் திறந்து வைக்க வேண்டும்? வழக்கு பதிவான விவரத்தைத் துறைக்கு எழுத்தில் தெரிவிப்பதையும் வக்கீலிடம் கேட்டுச் செய்துவிடுங்கள், மற்றவர் மொட்டைக் கடிதம் போடும் முன்.

தேர்வுப் பணி ஆணை. எஃப்.ஐ.ஆர். பதிவாகிவிட்டது, தேதியும் நேரமும் அச்சில் ஏறிவிட்டன, இனி மாற்ற முடியாது. பதிவாவதற்கு முன் இதைக் காட்டியிருந்தால் 11-ஆம் தேதி என்பது "மார்ச் மாதத்தில் ஒரு நாள்" ஆகியிருக்கும். இப்போது வேறு கேள்வி: விசாரணை அதிகாரியிடம் கொடுத்துக் குற்றப்பத்திரிகையிலிருந்து பெயரை நீக்கச் செய்வதா, உயர் நீதிமன்றத்தில் அதே நடைமுறைச் சட்டத்தின் 528-இன் கீழ் ரத்து மனு போடுவதா, குறுக்கு விசாரணை வரை மடியில் வைத்திருப்பதா? கடைசி வழி வக்கீல்களுக்குப் பிடித்தமானது, கட்சிக்காரருக்கு அது ஐந்தாறு ஆண்டு. நான் முதல் இரண்டையும் செய்வேன். மைய வருகைப் பதிவின் சான்றிட்ட நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் இன்றே கேளுங்கள். பதிவேடுகள் காணாமல் போகும் நாடு இது.

உங்களைப் பொறுத்தவரை தாரா லட்சுமி நாராயணா தீர்ப்பு உதவும். குறிப்பான குற்றச்சாட்டு இல்லாமல் உறவினரைச் சேர்த்தால் அந்த அளவுக்கு ரத்து. ஆனால் கோவைத் தம்பி அதே தீர்ப்பில் அடுத்த பக்கத்தையும் படிக்க வேண்டும்: கொடுமைக்கு ஆளான பெண் வாய்மூடி இருக்க வேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை என நீதிபதிகள் சேர்த்தே எழுதியிருக்கிறார்கள். உங்கள் தம்பிக்கு அந்தத் தீர்ப்பு பயன்படாது. ஏ.ஆர். நகலோடு இருக்கும் வழக்கை எந்த உயர் நீதிமன்றமும் தொடக்கத்திலேயே ரத்து செய்யாது, அவர் விசாரணையைச் சந்தித்துத்தான் ஆக வேண்டும். முக்கியமாக, உங்களுக்கும் தம்பிக்கும் ஒரே வக்கீல் வேண்டாம். உங்கள் தற்காப்பு "நான் அங்கே இல்லை". அவருடையது வேறு. இரண்டையும் ஒரே கோப்பில் கட்டினால் அவர் பாரம் உங்கள் மீதும் ஏறும்.

குடும்ப வன்முறை மனுவிலும் உங்கள் பெயர் இருந்தால், ஒரே வீட்டில் சேர்ந்து வாழ்ந்த உறவே இல்லை என்று தனி எதிருரை. அந்த மனுவையே ரத்து செய்ய உயர் நீதிமன்றம் போகலாமா என்பதில் நம் மாநிலத்தில் நீண்ட நாள் குழப்பம் இருந்தது. இந்த ஆண்டு மே மாதம் உச்ச நீதிமன்றம் போகலாம், ஆனால் நிதானமாகவே தலையிட வேண்டும் என்று தீர்த்துவைத்தது. அவசரம் இல்லை, முதலில் நடுவரிடமே கேளுங்கள்.

---

ஆண்குரல்_கோவை
14 ஆகஸ்ட் 2025, காலை 7:30

ஜூலையில் வந்த தீர்ப்பை விட்டுவிட்டீர்களே ஐயா? எஃப்.ஐ.ஆர். போட்ட பிறகு இரண்டு மாதம் கைது கூடாது, குடும்ப நலக் குழு பார்க்க வேண்டும் என்று?

---

பழைய_வாய்தா
14 ஆகஸ்ட் 2025, காலை 8:15

விடவில்லை, நம்பி இருக்க வேண்டாம் என்று நினைத்தேன். அலகாபாத் உயர் நீதிமன்றம் 2022-இல் வகுத்த நெறிகளை ஏற்றுச் சொன்ன தீர்ப்பு அது. அந்தக் குழுக்கள் அந்த மாநிலத்துக்காக வகுக்கப்பட்டவை. 2017-இல் ராஜேஷ் சர்மா வழக்கிலும் குழு போட்டார்கள், மறு ஆண்டே அதை எடுத்துவிட்டார்கள். முன்ஜாமீன் மனுவில் ஒரு வரியாகச் சேர்க்கலாம். அதை மட்டும் நம்பி வீட்டில் படுத்துத் தூங்கக் கூடாது.

தம்பியும் அவர் மனைவியும் பேசிய அழைப்புப் பதிவு, குறுஞ்செய்தி எதையும் அழிக்க வேண்டாம், தம்பிக்குப் பாதகமானதையும் சேர்த்து. அழித்தது தெரிந்தால் அதுவே தனித் தலைவலி. மணமுறிவு வழக்கில் கணவன் மனைவி உரையாடல் பதிவை ஏற்கலாம் என்று இந்த ஜூலையில்தான் உச்ச நீதிமன்றம் சொன்னது. கைபேசியை மாற்றாதீர்கள், மின்னணுச் சாட்சியச் சான்றிதழுக்கு அந்தக் கருவி வேண்டும்.

---

மல்லிகைப்பந்தல்
14 ஆகஸ்ட் 2025, காலை 11:00

அக்கா, உங்கள் மீது அவள் எழுதியது பொய் என்றே வைத்துக்கொள்வோம். அதற்காக அவளைத் தேடிப்போய்க் கேட்காதீர்கள். வாட்ஸ்அப் குழுவில் உறவினர்களுக்கு எஃப்.ஐ.ஆர். நகலை அனுப்பாதீர்கள். எனக்கு அதுதான் நடந்தது. அடி மறந்தது, அந்தக் குழு மறக்கவில்லை.

அவளுடைய கல்விச் சான்றிதழ்கள், குழந்தையின் பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை எல்லாம் அந்தப் பூட்டிய வீட்டில்தானே இருக்கும்?

---

நொய்யல்கரை
2 அக்டோபர் 2025, மாலை 5:10

தாமதத்துக்கு மன்னிக்கவும். எனக்கும் அம்மாவுக்கும் அமர்வு நீதிமன்றத்தில் முன்ஜாமீன் கிடைத்தது. தம்பிக்கும் கிடைத்தது, வாரம் ஒரு நாள் நிலையத்தில் கையெழுத்துப் போடும் நிபந்தனையோடு. எனக்குத் தனி வக்கீல் வைத்துக்கொண்டேன். தம்பிக்கு அதில் வருத்தம்தான், இன்னும் சரியாகப் பேசவில்லை.

மனை முன்பணத்தில் ஒரு பகுதி திரும்பி வந்தது, மீதிக்குக் கடன். 22 பவுனும் மீட்டாயிற்று. நடுவர் நீதிமன்றத்தில் இடைக்கால ஜீவனாம்சம் கேட்டிருக்கிறாள், இருவரும் சொத்து, வருமானம் பற்றிப் பிரமாணப் பத்திரம் போடச் சொல்லியிருக்கிறார்கள். தம்பி சம்பளத்தைக் குறைத்துக் காட்டலாமா என்று கேட்டான், முடியாது என்று அவன் வக்கீலே சொல்லிவிட்டார். அடிக்க மாட்டேன் என்ற உத்தரவாதத்தை அடுத்த வாய்தாவில் கொடுக்கப் போகிறான்.

சான்றிதழ், தடுப்பூசி அட்டை, துணிமணி எல்லாவற்றையும் இரண்டு பெட்டிகளில் வைத்துச் சாவியோடு பாதுகாப்பு அலுவலர் வழியாகக் கொடுத்துவிட்டோம். நகையை மட்டும் எப்படிக் கொடுப்பது என்று தெரியவில்லை. அவள் அப்பா வீட்டில் போய்க் கொடுத்துவிடலாம் என்கிறார் அம்மா.

---

பழைய_வாய்தா
2 அக்டோபர் 2025, இரவு 8:40

வீட்டில் வேண்டாம். நடுவர் முன் ஒரு மெமோ போட்டு, எடை போட்ட பட்டியலோடு, இரு தரப்பு வக்கீல்களும் இருக்கும்போது திறந்த நீதிமன்றத்தில் ஒப்படையுங்கள். ஒவ்வொரு நகைக்கும் தனி வரி, கிராமில் எடை, அவள் கையெழுத்து. அடகு ரசீதும் மீட்ட ரசீதும் நகல்களாக மட்டும் கொடுங்கள், அசல் தம்பி வக்கீலின் கோப்பில் இருக்கட்டும். ஒப்படைத்ததை அன்றைய நீதிமன்றக் குறிப்பில் பதிவு செய்யச் சொல்லி, அதன் சான்றிட்ட நகலுக்கு அன்றே மனுப் போட்டுவிடுங்கள்.

---

மல்லிகைப்பந்தல்
2 அக்டோபர் 2025, இரவு 9:15

தையல் இயந்திரத்தையும் அந்தப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள் அக்கா. அவளுக்கு இப்போது நகையைவிட அது உதவும்.